மங்கிய பெயின்ட் செத்த பெயின்ட் அல்ல

சொந்தக் கார் 15 ஆண்டு ஓடி முடித்துப் பதிவைப் புதுப்பிக்கும் வேளை வந்ததும், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு முன்பாக அது போய் நிற்கும் இடம் பெரும்பாலும் டிங்கர் பட்டறைதான். பானெட்டும் கூரையும் வெளுத்துக் கிடக்கும். உச்சி வெயிலில் பார்த்தால் கதவுகளில் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். பெயின்டர் விரலால் ஓர் இழுப்பு இழுத்து, விரலில் ஒட்டிய மாவைக் காட்டி, "பெயின்ட் செத்துப்போச்சு, ஃபுல் பாடி அடிச்சிடலாம்" என்பார். உரிமையாளரும் தலையாட்டிவிடுவார். மங்கியது செத்தது, செத்ததைச் சுரண்டிவிட்டுப் புதிது பூச வேண்டும் என்ற இந்த எண்ணம் பட்டறையிலும் வீட்டிலும் கேள்வியே இல்லாமல் நிலைத்துவிட்டது. ஆனால் வெளுத்துப்போன வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. பொருந்தாத தீர்ப்பின் பேரில், இனி யாராலும் திருப்பித் தர முடியாத ஒன்றை நாம் தேய்த்து அழித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் மங்கல் என்பது என்ன என்று பார்ப்போம். பெயின்ட் என்பது நிறமித் துகள்களும், அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் பிசினும் சேர்ந்த மெல்லிய படலம். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து அந்தப் பிசினை மேலிருந்து கீழ்நோக்கி மெல்ல மெல்ல உடைக்கின்றன. பிடிமானம் போன நிறமி மாவாக மேலே தங்குகிறது. சுண்ணாம்படித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுமே, அதே சங்கதிதான் இதுவும். சேதம் மேலிருந்து தொடங்குகிறது என்பதை மனத்தில் வைக்க வேண்டும். விரலில் ஒட்டும் மாவு முழுப் பெயின்டின் பிணம் அல்ல, மேல்தோல் உரிவது மட்டுமே. சுழல் கோடுகளும் அப்படித்தான். அவை உண்மையில் வட்டமாகவே இல்லை. துடைத்த கை போன திசையெல்லாம் விழுந்த நுண்ணிய கீறல்கள் அவை. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் அமைந்த கீறல்கள் மட்டும் மினுங்குவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. பளபளப்பு என்பது வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்புவது. மங்கல் என்பது சொரசொரத்த பரப்பு அதைச் சிதறடிப்பது. கறுப்பு வண்டி சாம்பல் நிறமாகத் தெரிவதற்கும் சிவப்பு வண்டி ரோஜா நிறமாகத் தெரிவதற்கும் முதல் காரணம் இந்தச் சிதறல். இதைச் சோதிக்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். வெளுத்த பானெட்டில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் அந்தச் சொரசொரப்பை நிரப்பியதும் பழைய நிறம் அப்படியே எழுந்து வரும், காய்ந்ததும் மறையும். செத்த பெயின்டுக்கு இப்படி உயிர் வந்து போகாது. நிறம் அடியில் இருக்கிறது. அதை மூடியிருப்பது சில மைக்ரான் தடிமனுள்ள சிதைவு.

அந்தச் சில மைக்ரானுக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் அடுத்த கேள்வி. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஆலையிலிருந்து வரும் கார் ஒன்றின் பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது இரண்டு முடி கனம். நவீன ஆலையில் வெற்று உடலை அப்படியே தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். கதவின் உள்மடிப்பு, தூணின் உட்பக்கம், தகடும் தகடும் சேரும் இடுக்கு என்று எந்த ஸ்ப்ரே கன்னும் எட்டாத இடமெல்லாம் அது போய்ப் பிடிக்கும். பிறகு அந்த உடலை 160 டிகிரிக்கும் மேலான சூட்டில் வேகவைப்பார்கள். அதன் மேல் பிரைமர், நிறம், நிறத்தின் மேல் க்ளியர் கோட். மேல்பூச்சுக்கும் 140 டிகிரி அளவில் அடுப்பு. வயரிங், ரப்பர், சீட், கண்ணாடி எதுவும் ஏறாத வெற்றுத் தகடாக இருக்கும்போதுதான் இந்தச் சூட்டை உடல் தாங்கும். வண்டி முழுமையாகி வெளியே வந்தபின் அதை மீண்டும் அப்படி வேகவைக்க எந்தப் பட்டறையாலும் முடியாது. நல்ல பெயின்ட் பூத்தில்கூட 60 டிகிரியைச் சுற்றித்தான் சூடு ஏற்றுவார்கள்; சாலையோரக் கொட்டகையில் அதுவும் இல்லை. மாருதி 800-இன் கடைசி வண்டி 2014 ஜனவரியில் ஆலையை விட்டு வந்தது. அம்பாசிடர் உற்பத்தி அதே ஆண்டு மே மாதம் நின்றது. அந்த வண்டிகளுக்கு ஆலைப் பெயின்ட் என்று இனி ஒன்று பிறக்கப்போவதில்லை. இருப்பது மட்டும்தான் இருக்கிறது.

இன்றைய ஹார்டனர் கலந்த பாலியூரித்தேன் பெயின்டும் க்ளியரும் பழைய ஆலைப் பூச்சைவிடத் தரமானவை, அப்படியிருக்க ஏன் தயங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பொருள் தரமானது என்பதை மறுக்கவில்லை. புழுதி வடிகட்டிய பூத், கதவுக் கைப்பிடியையும் பீடிங் ரப்பரையும் விளக்கையும் கழற்றி வைக்கும் பொறுமை, கலவையைச் சரியாக அளக்கும் கை ஆகிய மூன்றும் கூடினால் மேலே பூசியது பல ஆண்டு நிற்கும். கேடு பூசுவதில் வருவதைவிட, பூசுவதற்கு முன் செய்யும் வேலையில் வருகிறது. பழைய பரப்பைப் பிடிமானத்துக்காக வாட்டர் பேப்பரால் தேய்க்கும்போது மடிப்புகளிலும் விளிம்புகளிலும் தகடு வெளியே தெரிந்துவிடுகிறது. மின்சாரத்தில் ஏறிய அந்த அடிப்பூச்சு அங்கே அறுந்துவிட்டது. அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த க்ளியர் போனாலும், துரு முதலில் எட்டிப் பார்ப்பது அந்த விளிம்பில்தான். ரப்பரைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்த வண்டியில் புதுப் பெயின்ட் ரப்பர் ஓரத்தில் ஒரு கரையாக முடியும். கரை உரியத் தொடங்கும் இடமும் அதுவே. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். இன்னொரு செலவும் உண்டு, அது பில்லில் வராது. அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அது மூச்சில் புகுந்தால் தொழில்வழி ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் ஒவ்வாமை கண்டுவிட்டால் சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கும் இளைஞருக்கு அந்தக் கைக்குட்டை எந்தக் காவலும் தராது. பழைய மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் ஈயக் குரோமேட் நிறமி பரவலாகப் பயன்பட்டது. அவற்றை உலர் பேப்பரில் தேய்த்துப் பறக்கவிடும் தூசியும் அவர் நுரையீரலுக்குத்தான் போகிறது. தேவையில்லாத ஒரு ஃபுல் பாடி பெயின்ட் உரிமையாளரின் பணத்தை மட்டும் வீணாக்குவதில்லை.

மறுபூச்சு வேண்டாம் என்றதும் எதிர்முனையில் நிற்பவர் கையில் ரப்பிங் டப்பாவோடு வந்துவிடுவார். பிடிவாதமான பெயின்டா, கரடான ரப்பிங் போட்டு, கம்பளி பேட் மாட்டிய மெஷினில் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியாகிவிடும், ஒரு கோடுகூட இருக்காது என்பது அவர் வாக்கு. மேலுக்கு இது முந்தைய தீர்ப்புக்கு நேர் எதிரானதாகத் தெரியும். உள்ளே இரண்டும் ஒன்றுதான்: கையிலிருக்கும் பெயின்ட் தீராத பொருள் என்ற நினைப்பு. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1920-களில் டுபாண்ட் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த வார்னிஷுக்குப் பதிலாக மிக விரைவில் காயும் பூச்சு அது. நம் மரச்சாமான் பட்டறைகளில் இன்றும் டூகோ பெயின்ட் என்ற பேச்சு இருப்பது அதன் எச்சம்தான். அந்த லாக்கரை அடித்துவிட்டால் தானாகப் பளபளக்காது. பல கோட் அடித்து, பேப்பர் போட்டு, பிறகு ரப்பிங் கொண்டு தேய்த்தால்தான் மினுக்கு ஏறும். தேய்ப்பது அங்கே பூச்சு வேலையின் ஒரு பகுதி. தேயட்டும் என்றே கனமாக அடித்தார்கள். மங்கினால் மறுபடியும் தேய்க்கலாம், கரைந்தால் இன்னொரு கோட் அடிக்கலாம். நம் பட்டறைகளில் என்.சி. எனப்படும் இந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் பல பத்தாண்டு ஆண்ட காலத்தில் குருவிடமிருந்து சீடன் கற்ற கை அதுதான். அந்தக் கையில் குறையில்லை. காலம் மாறி, 40 மைக்ரான் கனமுள்ள க்ளியர் கோட்டின் மேல் அதே கை அதே அழுத்தத்தோடு விழுவதுதான் அழிவு.

பிடிவாதம் என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பெயின்ட் கெட்டியாக இருப்பதால் கோடு லேசில் போகாமல் இருக்கலாம். அல்லது ஏற்கெனவே கரடான ரப்பிங் போட்டவரின் தடமே இப்போது நாம் பார்க்கும் கோடாக இருக்கலாம், இதுவே அதிகம். அல்லது அந்தக் கீறல் நாம் நினைப்பதைவிட ஆழமானதாக இருக்கலாம். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் நகம் மாட்டுகிறதா? மாட்டினால் அந்தக் கோட்டின் அடிவரை சுற்றுப்புறத்தை எல்லாம் தேய்த்து இறக்கினால்தான் அது மறையும். அதற்குள் க்ளியர் போய்விடும். மூன்று நிலைகளில் எதற்கும் அதிக அழுத்தம் விடையில்லை. கெட்டியான பரப்புக்கு வேண்டியது நேரமும் பல சுற்றும். பழைய ரப்பிங் தடத்துக்கு வேண்டியது மெல்லிய பாலிஷ். ஆழக் கீறலுக்கு வேண்டியது அதை விட்டுவிடும் மனது. ஓரம் மழுங்கினாலே அது கண்ணில் படுவது பாதியாகிவிடும். 15 ஆண்டு சாலையில் நின்ற வண்டியில் நான்கு கோடு இருந்தால் அது குற்றமில்லை.

எந்த வகைப் பெயின்ட் என்று தெரியாமல் கை வைப்பதுதான் இரு தரப்பும் செய்யும் பெரிய தவறு. நிறமே மேல்பூச்சாக இருக்கும் பழைய முறைப் பெயின்டும், நிறத்தின் மேல் நிறமற்ற க்ளியர் ஏறியதும் வேறு வேறு. சிறிது பாலிஷைத் துணியில் எடுத்து மறைவான இடத்தில் கையால் தேய்த்தால் தெரிந்துவிடும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் முன்னது, ஏறாவிட்டால் பின்னது. வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணியில் செய்து பார்க்க வேண்டும். முன்னதில் மேலே கிடக்கும் மாவு ஏற்கெனவே பயனற்றது. அதை நீக்குவதில் இழப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பரப்பு வறண்டு கிடப்பதால், எண்ணெய்ச் சத்துள்ள, அரவை இல்லாத பாலிஷைக் கையால் தடவி ஓர் இரவு ஊறவிட்டுத் தொடங்குவது நல்லது. நிறம் ஆழமாகும், பேடும் பிடித்து இழுக்காது. க்ளியர் ஏறியதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அந்த க்ளியருக்குள்தான் கலந்திருக்கிறது. கனம் குறையக் குறையத் தடுப்பும் குறையும். பாலிஷுக்கு முன்னால் செய்ய வேண்டியதும் உண்டு. போர் தண்ணீரில் கழுவிக் கழுவிப் படிந்த உப்புக் கறை, பிரேக் தூள், மரப்பிசின் ஆகியவற்றைக் கழுவியும் க்ளே கட்டியால் உருட்டியும் எடுத்துவிட வேண்டும். இவை இருக்கும்போது மெஷினை ஓட்டினால் அவையே பேடில் சிக்கிப் புதுக் கோடு போடும். மெஷினிலும் தெரிவு இருக்கிறது. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி ஒரே இடத்தில் சூட்டைச் சேர்த்துவிடும். சுழற்சியும் அலைவும் கலந்த டூயல் ஆக்‌ஷன் மெஷின் மிதமிஞ்சி அழுத்தினால் சுழல்வதையே நிறுத்திவிடும். அனுபவம் குறைந்த கைக்கு அந்தக் குணமே காவல். பானெட் மடிப்பு, கதவு விளிம்பு போன்ற கூரிய இடங்களில் பெயின்ட் வேகும்போதே விலகி மெலிந்திருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டிவிட வேண்டும். இருப்பதில் மிக மென்மையான பாலிஷையும் பேடையும் கொண்டு ஒரு சாண் இடத்தில் முயன்று, போதாவிட்டால் மட்டும் ஒரு படி ஏற வேண்டும். கரடில் தொடங்கி இறங்கும் வழக்கம் தலைகீழ் வழக்கம்.

எவ்வளவு மென்மையாகச் செய்தாலும் பாலிஷ் பெயின்டைத் தின்கிறதே, இன்றில்லாவிட்டால் நாளை தீர்ந்துவிடாதா? இந்த மறுப்பில் பலம் இருக்கிறது, கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். மெல்லிய பாலிஷ் ஒரு சுற்றில் எடுப்பது ஏறத்தாழ ஒரு மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. காம்பவுண்டும் பாலிஷும் சேர்ந்த முழு வேலை மூன்று நான்கு மைக்ரான் எடுக்கலாம். க்ளியரின் மொத்த ஆயுளில் ஏறத்தாழ 8 மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது தொழில் தெரிந்தவர்கள் கடைப்பிடிக்கும் பரவலான வரம்பு. அப்படியானால் சீரான முழு வேலை ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறை. நடுவில் கழுவலும் மெழுகும் மட்டும். ஒவ்வொரு சர்வீஸிலும் இலவசமாக ரப்பிங் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்வதற்கான காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஆக, பாலிஷ் தின்கிறது என்ற மறுப்பு அளவோடு தின்னச் சொல்கிறதே தவிர, மொத்தத்தையும் ஒரே நாளில் வாட்டர் பேப்பருக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. தடிமன் அளக்கும் கருவியைக் கண்மூடி நம்புவதும் கூடாது. அது அடுக்குகளின் மொத்தக் கனத்தைத்தான் காட்டும். க்ளியரில் எவ்வளவு மிச்சம் என்று சாதாரணக் கருவிகளில் தெரியாது. ஆகவே கருவி 120 என்று காட்டினாலும் கை அடங்கியே இருக்க வேண்டும்.

தேய்க்கவே வேண்டாம், தேங்காயெண்ணெய் தடவினால் போதும், டூத்பேஸ்ட் போட்டால் போதும் என்ற வைத்தியங்களுக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. எண்ணெய் அந்தத் தண்ணீர்ச் சோதனை செய்ததையே செய்கிறது, சற்றுத் தாமதமாகக் காய்கிறது, அவ்வளவுதான். அதற்குள் புழுதியையும் பிடித்துக்கொள்ளும். டூத்பேஸ்டில் இருப்பது பல்லுக்கு அளந்த அரவைத் தூள். அதைப் பெயின்டுக்கு யாரும் அளக்கவில்லை. செராமிக் கோட்டிங் உதவும், ஆனால் கோடுகளின் மேல் அதைப் பூசினால் கோடுகளைப் பூட்டி வைத்ததாகிவிடும்.

விற்கும்போது புதுப் பெயின்டுக்கு விலை கிடைக்கும் என்பது கடைசியாக எடுத்து வைக்கப்படும் வாதம். பழைய கார் வாங்குபவர் இன்று அந்தத் தடிமன் கருவியைத்தான் முதலில் கதவில் வைக்கிறார். நூற்றுச் சொச்சம் காட்டினால் ஆலைப் பெயின்ட். அதைப்போல் இருமடங்கு காட்டினால் மறுபூச்சு. ஆயிரத்தை நெருங்கினால் அடியில் பட்டி. உடல் முழுக்க இருமடங்கு காட்டும் வண்டியைப் பார்ப்பவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே ஒன்று: எதை மறைக்க அடித்தார்கள்? விபத்தா, துருவா, வெள்ளத்தில் நின்றதா? நேர்மையான உரிமையாளருக்கும் அந்தச் சந்தேகம் விலையில் வெட்டாக விழுகிறது. லேசாக வெளுத்த ஆலைப் பெயின்ட் வண்டியின் நற்சான்று. பெயின்டுக்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை என்று அது சாட்சி சொல்கிறது. உலகின் பெரிய பழைய கார் கண்காட்சிகளில், புதுப்பிக்காமல் அசலாகவே காத்துவந்த வண்டிகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

பெயின்ட் உண்மையிலேயே முடிந்துபோகும் நிலையும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. க்ளியர் தேமல்போல் திட்டுத் திட்டாக வெளுத்து, ஓரம் தூக்கி உரிகிறதென்றால் அதற்குப் பாலிஷில் மருந்தில்லை; தேய்க்கத் தேய்க்கத் திட்டு பரவும். பெயின்டுக்கு அடியில் துரு கொப்பளித்திருந்தால் தகட்டு வேலை முதலில், பெயின்ட் பிறகு. பழைய முறைப் பெயின்டில் அடியிலிருக்கும் பிரைமர் எட்டிப் பார்த்தாலும் கதை முடிந்தது. இந்த மூன்றிலும் பெயின்டர் தேவை, நல்ல பெயின்டர் தேவை. ஆனால் அப்போதும் கேட்க வேண்டியது எந்தப் பகுதிக்கு என்பதைத்தான். நம் வெயிலில் முதலில் போவது மேல்நோக்கிக் கிடக்கும் கூரையும் பானெட்டும். அதே வண்டியின் கதவுகள் பெரும்பாலும் பாலிஷில் எழுந்து வரும். கூரைக்கு மட்டும் பெயின்ட், மற்றதற்குப் பாலிஷ் என்று பிரித்துச் சொல்லும் பெயின்டர் வருமானத்தில் கொஞ்சம் இழக்கிறார். அவரைத் தேடிப்பிடித்துப் போக வேண்டியது நம் கடமை.

கோட்டை எடுத்த கையோடு அதே கோட்டை மறுநாள் போடுவதும் நம் வழக்கம்தான். காலையில் காய்ந்த துணியால் புழுதியைத் துடைத்துத் தள்ளுவது, தரையில் விழுந்த பனியன் வேஸ்டை உதறிவிட்டு அதையே வண்டியில் வைப்பது, ஒரே வாளித் தண்ணீரில் சக்கரத்தையும் பானெட்டையும் கழுவுவது என்று சுழல் கோட்டின் பிறப்பிடங்கள் எல்லாம் அன்றாடத்தில் இருக்கின்றன. முதலில் தண்ணீர் விட்டுப் புழுதியைக் கரைத்து இறக்கி, ஷாம்பு நுரையில் மென்மையாகக் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால், ஒருமுறை செய்த பாலிஷ் பல ஆண்டு நிற்கும். தினமும் துடைப்பவரிடம் இதைக் கற்றுக்கொடுத்து, ஒரு நல்ல துணியும் வாங்கிக் கொடுங்கள். அடுத்த முறை பட்டறையில் வாட்டர் பேப்பரைக் கையில் எடுக்கும் முன், பானெட்டில் ஒரு சாண் இடத்துக்கு டேப் ஒட்டி, அதற்குள் மட்டும் மெல்லிய பாலிஷ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டேப்பைப் பிரித்து, இரு பக்கத்தையும் வெயிலில் வைத்துப் பார்த்த பிறகு ஃபுல் பாடிக்குச் சம்மதிப்பதா என்று முடிவெடுங்கள்.